பாதி நாளில் கையை நிறுத்திய அஞ்சலை அக்கா

வெள்ளிக்கிழமை கோயில் சமையலுக்காக மலாக்கா பக்கம் பத்து பெரண்டாம் பாசாரில், காய்க்கடையில் பூசணிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவிதாவின் போன் வந்தது. அஞ்சலை அக்காவின் ஒரே மகள். "அத்தை, அம்மா காலையில குளிச்சிட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க, உயிர் இல்ல" என்றாள். காயை அப்படியே போட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு செங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே போட்டிருந்த கூடாரத்தில் நம் கோயில் பொருளாளர் அண்ணன் தேத்தண்ணி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். "பாவம் லா. ஜப்பான்ல தோட்ட வேலைக்குப் போயி, செய்ய முடியாம தொரத்தி விட்டுட்டாங்க. அதுலேர்ந்தே ஒடம்பு விழுந்துடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அண்ணே, கூடப் போனது நான். தொரத்துனத நீங்க எந்த மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தீங்க?" என்றேன். சாவு வீட்டில் சத்தம் போடாதே என்று நான்கு பேர் என்னை அடக்கினார்கள். அடங்கினேன். அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் படியுங்கள். மாரியாத்தா சத்தியமாக, நடந்தது இதுதான்.

அக்கா புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். பிறகு ஃபேக்டரியில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். வேலை ஓய்ந்ததும், சும்மா இருக்கப் பிடிக்காமல், வெளிநாட்டு விவசாயக் குடும்பங்களில் தங்கி உதவி செய்யும் ஏற்பாட்டைக் கவிதா மூலம் கண்டுபிடித்தார். சம்பளம் கிடையாது. காலையில் பாதி நாள் வேலை, அதற்குச் சாப்பாடும் படுக்க இடமும். மதியத்துக்கு மேல் நம் நேரம். என்னையும் ஜப்பானுக்கு இழுத்தார். கிளம்பும்போது கோயிலில் ஒருவர் சிரித்தார்: "ஒங்க தாத்தாவ யுத்த காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயில் போட புடிச்சிட்டுப் போனான். நீ ஒன் காசுல டிக்கெட் எடுத்துப் போறியா?"

அக்கா முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "அவரப் புடிச்சிட்டுப் போனாங்க. நான் நானா போறேன். புடிக்கலன்னா திரும்பி வருவேன். அவருக்கு அது கெடைக்கல."

முதல் இடம் ஒரு வயதான புருசன் பெண்சாதியின் முள்ளங்கித் தோட்டம். அவர்கள் பேச்சு எங்களுக்குத் தெரியாது, எங்கள் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மீன் தொட மாட்டோம் என்று கையால் காட்டினோம். அந்த அம்மா எங்களுக்கென்று தனிச் சட்டியே எடுத்து வைத்துவிட்டார். எஸ்டேட்டில் வளர்ந்த எங்களுக்கு, எடுத்த நிரையை, அந்த வரிசையை, முடிக்காமல் கரையேறத் தெரியாது. உச்சிப் பொழுது ஆனதும் பெரியவர் வந்து மண்வெட்டியை எங்கள் கையிலிருந்து பிடுங்குவார், குளியலறையைக் காட்டுவார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்: "நம்மள நிறுத்தறதுக்கே இந்த மனுசனுக்கு ஒரு நாள் வேலை போவுது பாரு!" எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம்.

இரண்டாவது இடம் மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம். அதன் முதலாளிக்கு நன்றாக இங்கிலீஷ் வரும், சிரிப்பும் வரும். மண்வெட்டியைப் பிடுங்கத்தான் வராது. முதல் நாளே மதியம் தாண்டியும் நாங்கள் கத்தரியால் பழம் வெட்டினோம். மரத்தில் பாதிப் பழத்தை விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. அவர் கைதட்டினார். மறுநாளும் தட்டினார். அப்புறம் தட்டவில்லை. கூடை நிறைய ஏன் தாமதம் என்று கேட்க ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு தட்டில் போட்டு மரத்தடிக்கே வந்தது. அவர் வீட்டார் உள்ளே சாப்பிட்டார்கள்.

எங்களோடு கிளேர் என்று ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் இருந்தாள். அக்காவை அவளும் அக்கா என்றே கூப்பிடுவாள். அவளையும் பொழுது சாயும்வரை நிற்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அவள் கத்தரியை வீசிவிட்டு இங்கிலீஷில் எங்களிடம் கத்தினாள். நீங்கள் நிறுத்த மாட்டேன் என்கிறீர்கள், இப்போது யாருமே நிறுத்த முடியவில்லை என்றாள்.

அக்கா கீழே கிடந்த கத்தரியை எடுத்து மண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாம நல்ல மனசோட செஞ்சோம். அந்த ஆளு அதையே எல்லாருக்கும் சட்டமா ஆக்கிட்டான் பாத்தியா?"

அடுத்த நாள் கார்த்திகை தீபம். மதியம் ஆனதும் அக்கா கத்தரியைக் கூடையில் வைத்தார். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், கிளேரும் உட்கார்ந்தாள். முதலாளி ஓடி வந்தார். நாளைக்கு மழை, இன்றைக்கே பறித்தாக வேண்டும் என்றார். "ஆஃப் டே. ஃபினிஷ்" என்றார் அக்கா. வேலை செய்யாவிட்டால் காலையில் கிளம்புங்கள் என்று மிரட்டினார் அவர். "ஓகே. தேங் கியூ" என்றார் அக்கா. எனக்கு பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. ஆரஞ்சுத் தோலைக் கிண்ணமாக வைத்துச் சமையல் எண்ணெய் ஊற்றித் திரி போட்டோம். மூன்று பெண்களும் விளக்கேற்றினோம். காலையில் பஸ் ஏறினோம். வீட்டுக்கு அழுதுகொண்டு ஓடி வரவில்லை. முள்ளங்கித் தோட்டத்துக்கே திரும்பிப் போனோம். மிச்ச நாளெல்லாம் அங்கேதான். அந்த அம்மா அதே தனிச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

இதைத்தான் 'தொரத்திவிட்டது' என்கிறீர்கள். அந்தப் பேச்சு எங்கே முளைத்தது என்றும் சொல்கிறேன். ஊர் திரும்பிய முதல் வெள்ளி, நம் கோயில் சமையற்கட்டில். அன்னதானத்துக்குக் காய் வெட்டும் பெண்களுக்குத் தீபாராதனை பார்க்கக் கிடைக்காது. மணிச் சத்தம் மட்டும்தான் காதில் விழும். சாம்பாரை இறக்கிவிட்டுப் போவதற்குள் திரை போட்டுவிடுவார்கள். அக்கா பொருளாளரிடம் நேராகச் சொன்னார். "மணி அடிச்சா அடுப்ப அணைப்போம். சாமி பாத்துட்டு வந்துதான் பரிமாறுவோம்."

"சேவைக்கு வந்துட்டு கண்டிசன் போடறியா? இந்த வாய்க்குத்தான் ஜப்பான்காரன் தொரத்திட்டான் போல" என்றார் அவர். சாப்பாட்டு வரிசையில் இருந்த நீங்கள் சிரித்தீர்கள்.

"சேவைங்கறது நான் குடுக்கறது, அண்ணே. நீங்க எடுக்கறது இல்ல" என்றார் அக்கா. அன்றோடு கரண்டியை வைத்தவர்தான். சாகும்வரை வெள்ளிதோறும் வந்தார். ஆத்தாவுக்கு நேராக நின்று கும்பிட்டார். பிறகு சமையற்கட்டு வாசலில் வந்து, "எப்படி அணைக்கறதுன்னு தெரியலன்னா சொல்லுங்கடி, வந்து காட்டறேன்" என்று எங்களைச் சீண்டிவிட்டுப் போவார். நான்கு வருசம் அப்படி வந்தார், எந்த நோயிலும் அவர் படுக்கவில்லை. விழும் நாள்வரை நிமிர்ந்துதான் நடந்தார்.

இப்போது கோயில் வாசலில் அவருக்கு பேனர் தொங்குகிறது. 'ஓய்வறியா உழைப்பாளி' என்று பெரிய எழுத்து. ஓரத்தில் பொருளாளர் கைகூப்பிய படம். ஓய்வு அறியாதவரா? அதைக் கேட்டதற்குத்தானே அவரைக் கேலி செய்தீர்கள்! செத்த பிறகும் அவரை ஓயவிடாமல் எழுதி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு நெஞ்சு உறுத்தவில்லையா?

போன வெள்ளி மணி அடித்தது. நான் கேஸைத் திருகி அணைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வளையல் சத்தம் கேட்டது. எல்லாப் பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். பொருளாளர் குறுக்கே வந்தார்.

"சாம்பார் என்ன ஆச்சு?"

"சாம்பார் எங்கயும் ஓடிப் போவாது, அண்ணே. தள்ளுங்க, சாமி மறைக்குது."

இத்தனை வருசம் சமைத்த கோயிலில், ஆத்தா முகத்தில் தீபம் ஏறி இறங்குவதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். அஞ்சலை அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: நிறுத்தத் தெரிந்த கை. வரும் வெள்ளியும் மணி அடித்தால் அடுப்பு அணையும். பசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பொறுக்க முடியாதவர்கள் உள்ளே வந்து கரண்டியைப் பிடியுங்கள்.