பிரஷர் மாத்திரையைத் தின்ன கரி

பாமசியில வேலை செய்றவங்க எல்லாரும் என்னோட சேர்ந்து அழலாம், வாங்க. நாம சொல்றத யாரும் கேக்கிறதில்ல, ஃபோன்ல யாரோ சொன்னா மட்டும் ஓடி வருவாங்க. யட்டியாந்தோட்டை பஜார்ல எங்க மருந்துக் கடை. தோட்டத்துல ரப்பர் பால் லொறி ஓட்டுற முத்தையா அண்ணன் ஒரு நாள் அப்படித்தான் வந்தாரு, கரி மாத்திரை கேட்டு.

அடுப்புக் கரி

வயித்துல காத்தாம். மாத்திரையைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போச்சு. "இது நம்ம தேங்காச் சிரட்டைக் கரிதானே?"

"சிரட்டையிலயும் செய்வாங்க அண்ணே. ஆனா விசேஷமா சூடாக்கி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் வர வச்சது. விஷம் குடிச்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. காத்துக்குக் கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. அடுப்புக் கரியை மட்டும் தின்னுடாதீங்க. ஆமா, வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" இல்லவே இல்லன்னாரு. வெலையைச் சொன்னேன்.

"ஓட்டை போட்டதுக்கா இவ்வளவு?"

தார்

வாங்கிட்டுப் போய் ரெண்டு நாள் கழிச்சு, கடை திறக்க முன்னமே வந்து நின்னாரு. கக்கூஸ் போனா கறுப்பா போகுதுன்னு குசுகுசுத்தாரு. கரி தின்னா அப்படித்தான், நிப்பாட்டியும் கறுப்பா போனா டொக்டர்கிட்ட காட்டுங்கன்னேன். அப்பதான் மனுசனுக்கு மூச்சே வந்துச்சு.

"தார் போடுற ரோட்டுல லொறியோட நின்னேன் தங்கச்சி, அது உள்ள போயிருச்சோன்னு பயந்தே போனேன்!"

மருந்தில்லாத மருந்து

ஆனா கரியை விடல. அடுத்த மாசம் லைசன் புதுப்பிக்க மெடிக்கல் போனா, பிரஷர் உச்சத்துல. டொக்டர் கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. லைசன் இல்லன்னா லொறி இல்ல, வீட்டுல உலை கொதிக்காது. நேரா வந்து என்கிட்ட கத்துறாரு.

எனக்கும் கோவம் வந்துச்சு. துருவித் துருவிக் கேட்டா, விடியக் காலம வேலைக்கு ஓடுற அவசரத்துல பிரஷர் மாத்திரையையும் கரியையும் ஒரே கோப்பை பிளேன்டீயில முழுங்கியிருக்காரு! கரிக்கு நல்லது கெட்டது தெரியுமா? வயித்துல கிடந்த மாத்திரையையும் சேர்த்து இழுத்துக்கிச்சு. "வேற மருந்து இல்லன்னீங்களே!"ன்னு கத்தினேன்.

"கிளினிக்குல சும்மா குடுக்கிறது எப்படி தங்கச்சி மருந்தாகும்?"

மரியாதை

கரியை விட்டாரு, பிரஷர் இறங்குச்சு, லைசனும் வந்துச்சு. உண்மையைச் சொன்னா, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. லட்டுப் பெட்டியோட வந்தவரு, மெதுவா குனிஞ்சு ஒரு சந்தேகம் கேட்டாரு: கரி சாராயத்தையும் இழுத்துக்குமா? அத இழுக்காது அண்ணே, பிரஷரோட குடிக்கவும் கூடாதுன்னேன். பின்பாதி காதுல விழவே இல்ல.

"சாராயத்துல கை வைக்கல பாத்தியா, மரியாதை தெரிஞ்ச கரி!"

இவ்வளவு நாளா தொண்டை வத்த நான் சொன்னதுல, அவர் மனசுல நின்னது அந்த ஒன்னுதான்.