மெர்சி அடைத்த ஓட்டைகள்

ஒரு வயதுக் குழந்தையின் வாயில் விரலை விட்டு எலி மருந்தைத் தோண்டி எடுத்தவளிடம் போய் யாரும் பொறுமையைப் பற்றிப் பேசக் கூடாது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்யும் மெர்சி, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அன்று முழுக்க வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து உள்ளே இறங்கவில்லை என்றார்கள். அந்த இரண்டு நாளும் மெர்சி பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் குழந்தையைக் கணவன் பிரேம்நாத்தின் கையில் கொடுத்துவிட்டு, நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். நடுச்சுவர் எதுவும் ஓடு வரைக்கும் எழும்பியதில்லை. ஒரு வீட்டில் வைப்பதை எலி அடுத்த வீட்டுக்கு இழுத்துவரும்.

"மருந்து நீங்கதான வச்சீங்க?"

"என் வூட்டுப் பரண் மேலதான் வச்சேன். எலி இழுத்தாந்து உன் வூட்டுல போட்டா நான் இன்னா பண்றது?" என்றாள் ரங்கம்மாள்.

"எம்புள்ள போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

ரங்கம்மாள் உள்ளே கை காட்டினாள். அவள் கணவர் சுந்தரமூர்த்தி கட்டிலில் படுத்திருந்தார். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால். போன மாதம் தூக்கத்தில் எலி கடித்தது அவருக்கே தெரியவில்லை. புண் முற்றி, கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மெர்சியின் ஆத்திரம் அதற்கெல்லாம் அடங்குகிற ஜாதி இல்லை.

"அதுக்கு எம்புள்ளதான் கெடைச்சாளா? ரெண்டு வாரம் குடுங்க. ஒரு வூட்லயும் மருந்து இருக்கக் கூடாது. எலிய நான் நிறுத்திக் காட்றேன். முடியலன்னா நீங்க உங்க மருந்த வச்சுக்குங்க, நான் வூட்ட காலி பண்ணிடறேன்."

வாய் விட்டாகிவிட்டது. லீவு போட்டாள். ஆறு வீட்டு அரிசியும் மூடி போட்ட டின்னுக்குள் போயிற்று. குப்பையை வாசலில் வைத்தவர்களை நிற்க வைத்துத் திட்டினாள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கம்பி வலை அடித்தாள். கூண்டில் விழுந்த எலிகளைப் பிரேம்நாத் சைக்கிளில் கொண்டுபோய்ப் பாலாற்றுக்கு அக்கரையில் விட்டுவந்தான். கொன்றுபோட்டால் தீர்ந்தது என்று தெருவே சிரித்தது. உள்ளே வர வழியில்லாமல் செய்தால் கொல்ல வேண்டிய வேலையே இல்லை என்று மெர்சி சீறினாள்.

பத்து நாளாகியும் எலி குறையவில்லை.  கடைக்குப் போய்வந்த ரங்கம்மாளின் பையில் மருந்துப் பொட்டலம் இருந்ததை மெர்சி பார்த்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், மெர்சி ரங்கம்மாள் வீட்டில் சுந்தரமூர்த்தி படுத்திருந்த கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் ஓர் ஓட்டை. ஏற்கெனவே அடைத்த ஓட்டைதான். அடைப்பை இழுத்தாள். பாதி தின்றும் பாதி கிழித்தும் கிடந்த தோல் துண்டு வந்தது. அதற்குப் பின்னால் தோல் நாரில் மெத்தைபோல் ஒரு கூடு. கண் திறக்காத குட்டிகள் நெளிந்தன.

அந்தத் தோல் யார் கொடுத்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கம்பெனியில் வெட்டிப்போட்ட தோல் துண்டுகளைப் பை நிறைய அள்ளிவந்து, சும்மா கிடைக்குது, ஓட்டையில வச்சு அடைங்க என்று ஆறு வீட்டுக்கும் கொடுத்தவள் அவளேதான். தோல் மென்மையாக இருக்க மீன் எண்ணெய் ஏற்றுவார்கள் என்பது கம்பெனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினாலு வருஷமாக அதே வாடையில் நிற்கிறவளுக்கு, அது எலிக்குத் தீனி என்று தோன்றவில்லை. எலி ஜாஸ்தியானதும் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான்.

மெர்சிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. இத்தனை நாளும் ஊரையெல்லாம் திட்டிய வாய்.

சுந்தரமூர்த்தி விழித்துத்தான் இருந்தார். தோலை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது நான் குடுத்தது, அண்ணா. இதுலதான் எலி வளந்துது. உங்க வெரலு போனதுக்கு நான்தான் காரணம்."

அவர் தோலைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"சரிம்மா. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? போய் சிமென்ட்டு கலக்கு."

குட்டிகளைக் கூட்டோடு எடுத்து எலிக் கூண்டுக்கு மாற்றிவிட்டு, ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, அதன்மேல் சிமென்ட்டை அப்பினாள். அந்த மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலையே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.