சவரக் கத்தியும் ஒரு வேளைச் சாப்பாடும்

அவர் நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் கண் சொக்காமல் போனதில்லை. கன்னத்தில் பிரஷ் பட்டதுமே குறட்டை கிளம்பிவிடும். முடிதிருத்துகிற அவருக்கு மட்டும் சில மாதங்களாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. மூட்டுவாதத்துக்கு மாத்திரை ஆரம்பித்ததும் விரல் வீக்கம் வடிந்தது. கூடவே ராத்திரித் தூக்கமும் போனது.

ஒருநாள் காலை ஒருவருக்கு நுரை தடவிக் கத்தியை விரித்தார்.

"அண்ணே, நுரை காயுது" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து தம்பி சொன்னபோதுதான், நின்றபடியே தூங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. வந்தவரும் தூக்கத்தில் இருந்ததால் மானம் தப்பியது.

அந்தக் கடையில் முடி யார் வேண்டுமானாலும் வெட்டலாம். சவரம் என்றால் அவர்தான். அப்படிப்பட்டவர் கத்தியை மடித்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இவரை நீ முடிச்சு விடு. கழுத்துல விளையாடக் கூடாது."

"அப்போ இனிமே கத்தி எனக்கா?"

"ஆசையைப் பாரு. டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வர்ற வரைக்கும்தான்."

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்றாள் மனைவி. "நிறுத்தினா சீப்பே பிடிக்க முடியாது" என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"மாத்திரையை எப்போ போடறீங்க?" என்றார் டாக்டரம்மா.

மனைவி முந்திக்கொண்டாள். "ராத்திரிதான். சாப்பிட்டதும் போடச் சொன்னீங்க. இவர் உட்கார்ந்து சாப்பிடறதே அப்போதான். காலையில கடையில கூட்டம், நின்னுக்கிட்டே ஒரு டீ."

"இது ஆளை முழிக்க வைக்கிற மாத்திரைங்க. காலையில வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போடுங்க. நீங்களா அளவைக் குறைக்காதீங்க, நிறுத்தவும் கூடாது. தூக்கம் வந்துடும். ஆனா அசதி முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். அதுல பாதி நோயோடது."

மறுநாளிலிருந்து தம்பி கடையைத் திறந்தான். அண்ணன் வீட்டில் விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, நிதானமாக வந்தார். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. கத்தியும் அவர் கைக்குத் திரும்பியது. ஆனால் மத்தியானமானால் உடம்பு ஈரச் சாக்காகக் கனத்தது. அதோடு மல்லுக்கு நிற்கவில்லை அவர். மத்தியானத்துக்கு மேல் கத்தியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு சாயங்காலம் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"காலையில வாங்க. தாடி எங்கயும் ஓடிடாது."

"காலையிலன்னா ஆபீசுக்கு லேட்டாகுமே."

"அப்போ தம்பி இருக்கான்."

வந்தவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "பரவாயில்ல, காலையிலயே வர்றேன்" என்று படியிறங்கிவிட்டார்.

"ஏன், நான் என்ன கடப்பாரையா வெச்சிருக்கேன்?" என்றான் தம்பி.