லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார்

ஆறாவது மாடியில் இருந்த வக்கீல் அறைக்கு அவர் படியேறித்தான் போவார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குவார். நிற்கும் இடத்திலெல்லாம், சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் போகிற சத்தத்துக்குத் தானாகவே காது போகும். "எண்ணெய் காட்டி எவ்வளவு நாளாச்சோ, பாவம்" என்று முணுமுணுப்பார். யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று உடனே மேலும் கீழும் பார்ப்பார்.

லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுளை லிஃப்ட்டின் தலைமேல் நின்றே கழித்தவர். ஆள் ஏறும் லிஃப்ட் அவருக்கு மருமகள். சரக்கு ஏற்றும் லிஃப்ட் மாமனார். "மாமனார் இன்னைக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கார், யாரும் கிட்டப் போகாதீங்க" என்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இன்னொரு தடவை'. வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிய பிறகும், "இருங்க, இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று மறுபடி மேலே ஏறுவார். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். "என்னையே இன்னொரு தடவை வந்து பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டார்" என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவரின் கைபட்ட லிஃப்ட்தான் ஒரு முற்பகலில், நிற்க வேண்டிய மாடியில் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போய்க் குழியில் மோதியது. உள்ளே இருந்தவர் அந்த அலுவலகத்துக் கணக்காளர் அம்மாள் ஒருவர்தான். உயிர் பிழைத்தார், இரண்டு கால்களும் முறிந்தன. பிரேக் பிடிக்கவில்லை. முந்தின நாள் அந்தப் பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியவர் இவர். கவனக்குறைவு என்று இவர்மேல் வழக்கு.

பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்போதைக்கு ஓட்டுங்க" என்றார் மேற்பார்வையாளர். வாய்ப்பேச்சு, சாட்சி கிடையாது. இப்போது அந்த மனிதர் அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். அதைக்கூட இவர் தாங்கிக்கொள்வார். இவரைத் தின்றது வேறொன்று. துடைத்து மாட்டியபின் நட்டை இறுக்கினோமா? அன்றைக்கும் இன்னொரு தடவை பார்த்தோமா? ஒருநாள் நினைத்தால் ஸ்பானரின் குளிர்ச்சிகூட உள்ளங்கையில் தெரிகிறது. மறுநாள் நினைத்தால் ஸ்பானர் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அரசாங்கம் அவருக்கு அமர்த்திக் கொடுத்த வக்கீல் ஓர் இளம்பெண். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"எதிர்த்தரப்பு ஒரு பேரத்துக்கு வந்திருக்காங்க. நீங்க குத்தத்தை ஒத்துக்கிட்டா எட்டு மாசம். ஒத்துக்கலைன்னா வழக்கு நடக்கும். தோத்தா அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம்."

"ஜெயிச்சா?"

"வீட்டுக்குப் போகலாம். ஆனா அதுக்குள்ள எத்தனை வருஷம் இழுக்கும்னு யாருக்கும் தெரியாது."

"நான் தப்பே பண்ணலைன்னா, வக்கீலம்மா?"

"பண்ணலையா?"

அவர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

வக்கீல் குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லதையும் சொல்லணும், கெட்டதையும் சொல்லணும். ஒத்துக்கிட்டீங்கன்னா முடிவு இன்னதுன்னு தெரிஞ்சுடும். தினம் தினம் சாக வேண்டாம். அடிபட்ட அந்தம்மாவும் கூண்டுல ஏறி எல்லாத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டாம். ஆனா விசாரணை அத்தோட நின்னுடும். பட்டையை ஏன் மாத்தலைன்னு உங்க மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு யாரும் கேக்க மாட்டாங்க. உங்க லைசென்ஸும் போயிடும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நின்னு பாக்கலாம்னு என் மனசு சொல்லுது. ஆனா உள்ள போகப்போறது என் மனசு இல்லையே."

அன்றிலிருந்து பயம் அவர் வீட்டில் ஓர் ஆளாகவே குடிவந்துவிட்டது. கும்மிருட்டான லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்த்தவர்தான். "அங்க இறங்கறப்ப சாவி என் இடுப்புலதானே இருக்கும்" என்று மனைவியிடம் சொன்னார். இப்போது குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஆள் இருப்பது தெரிய இருமிக்கொண்டே குளித்தார். வாசல் மணி அடித்தால் தட்டோடு எழுந்து நின்றார். மகள் பள்ளிக்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தபடியே இருப்பார். "என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?" என்று அவள் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, பாத்துப் போ" என்பார். ஐந்து வருடத்தில் அவள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விடுவாள் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, மனைவி துணி மடித்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"செய்யாத தப்பை எதுக்குத் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க? நின்னு பாப்போம். நானும் சம்பாதிக்கிறேன்ல?"

"செஞ்சேனா இல்லையான்னு எனக்கே தெரியலையேடி."

"எனக்குத் தெரியும். நீங்க பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பீங்கன்னு நீ சொல்லிடலாம். நான் கூண்டுல நின்னு பாத்தேன்னு சொல்லணும். குரல் நடுங்கினா போச்சு. அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா?" என்றாள் அவள், முதல் முறையாகக் கேட்பவள் போல. மடித்துக்கொண்டிருந்த அவர் சட்டை மடியிலேயே கிடந்தது. பிறகு அதை எடுத்து நீவியபடி, "எட்டு மாசம்னா பொங்கிப் போட்டுட்டு ஓட்டிடலாம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவள் தைரியமாக இருந்தவரை அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவளும் பயந்துவிட்டாள் என்று தெரிந்ததும் முடிவெடுத்துவிட்டார்.

நீதிமன்றத்தில் மின்விசிறி தலைக்கு மேல் ஓடியும் அவருக்கு முதுகு நனைந்திருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவருக்குப் புரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"நீங்களா மனசறிஞ்சுதான் ஒத்துக்கறீங்களா? யாராவது பயமுறுத்தினாங்களா?"

பயமுறுத்தியது யார் என்று அவர் உண்மையாகவே தேடிப் பார்த்தார். வக்கீலம்மா பயமுறுத்தவில்லை. அரசுத் தரப்பு வக்கீலும் மரியாதையாகவே பேசினார். விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள்கூட அகப்படவில்லை.

"இல்லீங்க" என்றார்.

"குத்தத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேங்க."

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து மேற்பார்வையாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவரை யாரும் நிறுத்தவில்லை. லிஃப்ட்காரருக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. அப்புறம் காவலர் முழங்கையைப் பிடித்தார்.

வெளியே தாழ்வாரத்தில் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு ஊன்றுகோல்களோடு அந்தக் கணக்காளர் அம்மாள். சாட்சி சொல்ல வேண்டாம் என்றதும் அவருக்கு அப்பாடா என்றுதான் இருந்ததாம். அந்த நாளை மறுபடி வாயால் சொல்ல அவருக்கும் பயம். ஆனாலும் போகாமல் காத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். "உள்ள யாராவது சொல்வாங்கன்னுதான் வந்தேன். ஒருத்தரும் சொல்லலை. பிரேக் ஏன் பிடிக்கலை?"

"பேசக் கூடாது, நடங்க" என்றார் காவலர்.

லிஃப்ட்காரரின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி, எட்டு மாதம் மறுபடி ஐந்து வருடமாகிவிட்டால்? இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கினார். சக்கரத்தை இருபக்கமும் கவ்வ வருகிற பட்டைகளைப் போல உள்ளங்கைகளை மெல்ல ஒன்றையொன்று நோக்கிக் கொண்டுவந்தார். சேர வேண்டிய இடத்தில் சேராமல், நடுவே ஒரு விரல் நுழையும் இடம் விட்டு நிறுத்தினார்.

அந்த அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். கண் கலங்கியது. ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து, தோளைச் சுவரோடு கொடுத்து நின்றுகொண்டு, "சரி, விடுங்க" என்று பதிலுக்குக் கைகூப்பினார்.

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். இடைவெளியை மூடாமலே கைகளை இன்னும் சற்று உயர்த்திக் காட்டினார்.