எந்தப் பக்கமும் இல்லாத பன்னிரண்டு பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலையில் இசக்கிசெல்வி பன்னிரண்டு பெட்டிகளுக்குச் சிவப்பு அட்டை கட்டினாள். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில், அனுப்பும் பொருளில் சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த அட்டையைக் கட்டலாம். கட்டியவரே காரணம் எழுதிக் கையெழுத்திட்டு அவிழ்க்க வேண்டும். அதுவரை பெட்டி நகராது. கீறல், துரு, எண்ணிக்கைக் குறைவு என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அவள் எழுதியது: ‘யாருக்குப் போகிறது என்று தெரியவில்லை.’

வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கான பட்டியல் வரவிருந்தது. இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியாயிற்று. பெயர் வராவிட்டால் சேரப்பணஞ்சேரி அறையைக் காலி செய்துவிட்டு வள்ளியூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வீட்டின் முதல் பட்டதாரி பீடி இலை நறுக்க உட்கார வேண்டும். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆனால் திங்களன்று ஒரு பெட்டியின் முகவரிச் சீட்டு ஓரத்தில் பிரிந்திருந்தது. அதை அழுத்தி ஒட்டப்போனவள், அடியில் இன்னொரு சீட்டைப் பார்த்தாள். மேலே வளைகுடாவில் ஒரு வியாபாரக் கம்பெனி. அடியில் வேறு ஏதோ நாடு. முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. தினமும் செய்தியில் குண்டு விழும் நாடு அப்படித் தொடங்கும். சண்டையே இல்லாத நாடு ஒன்றும் அப்படித் தொடங்கும். கூடவந்த தாளில் ‘பயன்பாடு: விவசாயப் பம்பு’ என்றிருந்தது.

“விவசாயத்துக்கு ஒவ்வொரு பீஸையும் இப்டி மெத்தை போட்டு அனுப்புவானா?” என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கோபிநாத். “நான் கேக்கல. சும்மா சொல்றேன்.”

சும்மா சொன்னாரா, அவள் வாயைப் பிடுங்கி மேலே போய்ச் சொல்லப்போகிறாரா? அவள் குனிந்து அடுத்த அட்டையைக் கட்டினாள்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் பலராமன் வந்தார்.

“இன்னாம்மா இது? எவன் சொல்லிக் குட்த்தான் உனக்கு? யூனியன்காரனா?”

“யாரும் சொல்லல்ல சார். பெட்டி எங்க போகுன்னு மட்டும் சொல்லுங்க. நானே அவுத்துடுதேன்.”

“பேப்பர் கீதுல்ல?”

“அந்தப் பேப்பர் மேலதான் சார் சந்தேகம்.”

அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அன்று மாலைக்குள் யாரோ அவள் அறைத்தோழியிடம், செல்வி போனில் யாரோடு பேசுகிறாள் என்று விசாரித்திருந்தார்கள்.

மறுநாள் கேன்டீன் டிவியில் ஒருவர், நமது நாடு எந்தப் பக்கமும் இல்லை, அமைதியையே விரும்புகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அணிசேராமை பற்றி இசக்கிசெல்வி கல்லூரியில் பத்து மதிப்பெண் விடை எழுதியவள். அது ஒதுங்கி நிற்பதல்ல, ஒவ்வொன்றையும் தானே எடைபோட்டு முடிவெடுப்பது என்று கைடில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. எடைபோடுவதற்கு எதிரில் இருக்கும் பொருள் என்னவென்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இருந்தது. நான்காவது பெயர். எதிரில் ‘ஸ்டோர்ஸ் பிரிவு, இன்று முதல்’. இதுவரை அவள் இருந்தது பொருள் அனுப்பும் பிரிவில்.

மகிழ்ச்சி வருவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பு அட்டை விதியின் கடைசி வரியை அவள் போய்ப் படித்தாள். அட்டை கட்டியவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டால், சூப்பர்வைசரே அதை அவிழ்க்கலாம்.

பலராமன் மாற்றல் தாளை நீட்டினார். குரலில் செவ்வாயன்று இல்லாத கனிவு.

“அட்டைய எடுன்னு உன்ன யாராச்சும் சொன்னாங்களா? இல்லல்ல? இதுல மட்டும் சைன் பண்ணு.”

“பண்ணலைன்னா சார்?”

“லிஸ்ட்டு பெரிய ஆபீசுலேர்ந்து வந்துகீது. உனக்கு அடுத்தாப்ல ஒரு பொண்ணு வெயிட்டிங்ல கீது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

உண்மையிலேயே பம்பாக இருக்கலாம். பழைய பெட்டியை வீணாக்காமல் அதன் சீட்டுக்கு மேலேயே புதியதை ஒட்டியிருக்கலாம். இப்படி நினைக்க நினைக்க, பேனாவைப் பிடித்த தன் விரல்கள் மேலேயே அவளுக்கு நம்பிக்கை குறைந்தது. கையெழுத்திட்டாள்.

மூன்று மணிக்கு லாரி ஏற்றினார்கள். ஸ்டோர்ஸ் வாசலில் நின்றவளைப் பார்த்து கோபிநாத் வண்டியை நிறுத்தினார்.

“நீ அவுக்கல. நானும் அவுக்கல. அவரு ரூல்படி அவுத்தாரு. யாரும் ஒண்ணியும் பண்ணலமா. ஆனா பெட்டி மட்டும் போய்கினே கீது, பாத்தியா?”

“நீங்க ஏத்தாம இருந்திருக்கலாம்லாண்ணே.”

“நீ கையெழுத்து போடாம இருந்திருக்கலாம்” என்றார் அவர், சிரிக்காமல்.

லாரி கேட்டைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் திரும்பியது. அவள் அதன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.