பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம்

கெட்டிலின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் என் மச்சினன் நலம் விசாரிப்பான். "அக்கா எப்படி இருக்கா, அத்தான்?" என்று வாய் கேட்கும், கண் முழுக்கக் கரண்ட் அளக்கும் மீட்டரின் மேல் இருக்கும். அக்கா அவனுக்கு எதிரிலேயே டீத்தூள் டப்பாவோடு நின்றுகொண்டிருப்பாள். "உயிரோடதான்டா இருக்கேன். முதல்ல தண்ணியைக் கொதிக்க விடு" என்பாள். அவனா விடுவான்? இருநூற்று முப்பது வோல்ட், எட்டு ஆம்பியர். உதடு லேசாக அசையும். "ஆயிரத்து எண்ணூத்து நாப்பது வாட்! அடியில ரெண்டாயிரம்னு போட்டிருக்கான் பாருங்க. சரியான புளுகன்."

சூடாகிற சாமான் எதுவானாலும் பழுது பார்ப்பது அவன் தொழில். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கடை. அவன் உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். வாடிக்கையாளர் சொல்வதையும் அவன் நம்ப மாட்டான், பெட்டியில் அச்சடித்திருப்பதையும் நம்ப மாட்டான். "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை, இத்தனை ஓம்னு வந்துடும். ரெண்டையும் பெருக்கினா பவர், இத்தனை வாட்னு வந்துடும். இதுக்கு மேல உலகத்துல என்ன அத்தான் இருக்கு?" வேறு ஏதாவது இருக்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

மனிதர்களையும் அதே கணக்கில்தான் எடை போடுவான். "அக்காவுக்குத் தடை ஜாஸ்தி அத்தான். எவ்வளவு வோல்ட் குடுத்தாலும் உள்ள ஒண்ணும் போகாது" என்று ஒருநாள் என் காதில் கிசுகிசுத்தான். அவளுக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது, எனக்கும்தான்.

அவனுக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மீட்டரின் பாட்டரியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்டவனை ஒரு இஸ்திரிப் பெட்டி கவிழ்த்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் தனியாக இஸ்திரிக் கடை நடத்துகிறாள். சாயங்காலமானால் பெட்டி சூடு ஏறுவதில்லை என்று கூப்பிட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் உள்ளே சூடாகிற காயில் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மச்சினன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்தான். காலையில் இருநூற்று முப்பது வோல்ட், ஐந்து ஆம்பியர். மாலையில் இருநூற்றேழு வோல்ட், நாலரை ஆம்பியர். "பெட்டி மேல ஒரு தப்பும் இல்லைங்க. காலையில நாப்பத்தாறு ஓம், இப்பவும் அதே நாப்பத்தாறு. சாயங்காலம் வர்ற வோல்ட்டுதான் குறையுது, அதான் வாட்டும் குறையுது. பாவம், இதைப் போய்த் திட்டாதீங்க!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "இஸ்திரிப் பெட்டிக்கு வக்காலத்து வாங்கற ஆளை இப்பதாங்க பாக்கறேன்."

அந்தச் சிரிப்பை எங்களிடம் சொல்லும்போது தட்டில் சாப்பாடு ஆறிப்போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பெட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி போய்வந்தான். "இன்னைக்கும் நாப்பத்தாறுதான்!" என்று முகமெல்லாம் பல்லாக வந்து நிற்பான். "நாளைக்கு என்ன, நாப்பத்தேழா ஆகிடப் போகுது?" என்று கடைசியில் என் மனைவி பொறுமை இழந்தாள். "அவகிட்ட கேட்டுடு. இல்லைன்னா நானே வந்து கேப்பேன்."

"இல்லைன்னு சொல்லிட்டா? அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க அளக்கப் போவேன்?" அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷமும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

போன வாரம் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒயருக்குள் இரண்டு கம்பிகள் ஒட்டிக் கிடக்கும் அல்லவா, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்ட ஒரு குட்டை இணைப்பு அவன் பையில் எப்போதும் இருக்கும். அதைச் சொருகி, ஒரே ஒரு கம்பியை மட்டும் மீட்டரின் இடுக்கி வாயில் கவ்வ விட்டால் ஆம்பியர் தெரியும். கவ்வ விட்டான். மீட்டர் பூஜ்யம் என்றது.

"என்னங்க, பெட்டி செத்துப்போச்சா?" என்றாள் அவள். அவள் கைக்குக் கீழே ஒரு காலர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மச்சினன் மீட்டரை உதறினான். மறுபடியும் பூஜ்யம். பெருக்கினால் வாட்டும் பூஜ்யம். வகுக்கப் போனவன் உதடு பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தான். இடுக்கிக்குள் இரண்டு கம்பிகளும் இருந்தன. போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். மீட்டருக்கு ஒன்றுமே தெரியாது. தொழிலுக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் இது.

"ரெண்டையும் சேத்துக் கவ்விட்டேங்க" என்றான், முகத்தில் அசடு வழிய.

"மீட்டர் தப்பு பண்ணாலும் நீங்க பண்ண மாட்டீங்களே! இன்னைக்கு என்ன ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஹேங்கரில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தேன்.

"உங்களைக் கட்டிக்கலாமான்னு கேக்க வந்தேங்க. அதே நெனப்புல கை தடுமாறிடுச்சு."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சட்டையை யாரு தேச்சது?"

"நான்தான்."

"பாத்தாலே தெரியுது. இந்தக் கோலத்துல உங்களைக் கூட்டிட்டு உங்கக்கா முன்னாடி நான் எப்படிங்க போய் நிக்கறது? கழட்டிக் குடுங்க."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மீட்டரை என் கையில் திணித்துவிட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நடுத்தெருவில் நின்று பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான்.