போடியார் மாமி போட்ட தெண்டம்

நெல் குவிந்து கிடக்கும் இடத்தில் ‘முடிந்தது’ என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி இது. அளந்தாலும் அள்ளினாலும் ‘பொலி, பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் நெல்லின் பரக்கத், அந்த விருத்தி, பறந்துவிடும். எனக்கும் தெரியும்தான். தெரிந்து என்ன, வாய் சும்மா இருந்தால்தானே!

அப்போது நான் சாய்ந்தமருதில் ஒன்பதாம் வகுப்பு. கடலுக்குப் போய்வந்த வாப்பா இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். ஓகஸ்ட் விடுமுறையில் உம்மாவோடு சவளக்கடைப் பக்கம் வயல் வேலைக்குப் போனேன். விடுமுறைக்குப் பிறகும் அங்கேயே நின்றுவிடுவதென்று முடிவு கட்டி, உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலைமை.

எங்களுக்கு வேலை தந்தவர் போடியார் மாமி. நிறைய வயல் உள்ளவர்களைப் போடியார் என்போம், எல்லாரும் ஆண்கள். மாமிக்கு வயல் சீதனமாக வந்தது. கணவர் மௌத்தான பிறகு தானே வரம்பில் இறங்கிவிட்டார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஒரு சத்தம் போட்டால், நெல் வெட்டுகிற மெஷினே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றும்.

மெஷின் வெட்டிய நெல்லைப் படங்கில் பரப்பிக் காயவைத்துச் சாக்கில் கட்டினோம். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிய சந்தோசத்தில் நான் கூவிவிட்டேன்.

“முடிஞ்சி மாமி!”

எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். உம்மாவின் முகம் வெளுத்துப்போனது. மாமி என்னிடம் வந்தார்.

“இந்த வாயோட இனி எண்ட நெல்லுக்குக் கிட்ட வரப்படா. இஸ்கூல் தொறந்த உடன அங்க போய்க் கத்து. வெள்ளிக்கிழம அசர் தொழுகைக்குப் பொறகு ஊட்ட வந்து, படிச்சத எனக்குச் சொல்லிக் காட்டணும். ஒண்ட வாயால போன பரக்கத் ஒண்ட வாயாலதான் திரும்பி வரணும். இதான் தெண்டம்.”

அழுதழுது வீட்டுக்கு வந்தேன். வேலை போய்விட்டதால் பள்ளிக்கூடம் போவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

வெள்ளிதோறும் மாமியின் பாயில் உட்கார்ந்து ஒப்பித்தேன். விளங்காவிட்டால், “இன்னொருக்காச் சொல்லு மகள்” என்பார். அவருக்காகவே நான் ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. புறப்படும்போது ஒரு பை அரிசியை நீட்டி, “கல்லுக் கிடக்கி, பொறுக்கிட்டு ஊட்டுல ஆக்குங்க” என்பார். ஒருநாளும் ஒரு கல் இருந்ததில்லை. இல்லாத கல்லைக் காணும் மாமியின் கண்பார்வையை நினைத்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்!

தெண்டம் வருடக்கணக்காக நீண்டது. சோதனைகள் பாஸாகி, பல்கலைக்கழகம் போய், லீவில் வந்தாலும் பாயில் உட்கார்ந்தேன். ஆசிரியை நியமனம் கிடைத்த அன்று முதலில் ஓடியது மாமியிடம்தான்.

“இப்பயாவது தெண்டம் தீர்ந்திச்சா மாமி?”

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். “நெல்லுக்குக் காது இரிக்கா புள்ள?” என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் ஒண்ட வயசிலதான் படிப்ப உட்டுட்டு வயலுக்கு வந்தன். என்னை ஏசித் துரத்த ஒருத்தரும் இருக்கல்ல.”

அன்று வயலிலிருந்து அழுதுகொண்டு போன பிள்ளை, மாமிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தது.